எட்டுக்கு ஒரு ரன்: நோட்டுப் புத்தகத்தில் நடந்த ஒரு லீக்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ‘சீசன்’ என்றால் குற்றாலம்தான். மேற்கே மலையில் மேகம் இறங்கி ராஜபாளையம் வரை ஈரக்காற்று வந்துவிட்டால், “சீசன் ஆரம்பிச்சிருச்சு” என்பார்கள். அதற்கு முன்பே மாம்பழ சீசன் ஒன்று வந்து போயிருக்கும். பையன்களாகிய எங்களுக்கு மூன்றாவதாக ஒன்று இருந்தது. முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் தொடங்கும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிந்தாக வேண்டும். எட்டு அணிகள், 28 ஆட்டங்கள், புள்ளிப் பட்டியல், அதிக ரன் எடுத்தவருக்கு ஒரு பட்டம், கடைசியில் ஒரு சாம்பியன். அந்த லீக்கில் ஒரு பந்துகூட வீசப்பட்டதில்லை. மட்டை பிடித்த ஆளும் கிடையாது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை, சங்கரன்கோவில், தென்காசி என்று நானே அணிகளைப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் 11 பெயர்கள் சூட்டினேன். ஓரிரண்டு நிஜ ஆட்டக்காரர்களின் சாயல், மீதியெல்லாம் என் தெருவிலும் வகுப்பிலும் கேட்ட பெயர்கள். கோடு போட்ட நோட்டில் ஆட்ட விவரம் எழுதுவேன். மட்டையும் பந்துமாக இருந்தது ஒரு பழைய சமூக அறிவியல் பாடப்புத்தகம். இதற்குப் பெயர் புக் கிரிக்கெட். இந்தியாவில் 1970களிலிருந்து 1990கள் வரை பள்ளியில் படித்தவர்களில் இதை அறியாதவர் குறைவு. ஆனால் இதைப் பற்றித் தமிழில் நினைவுக் குறிப்பாக ஓரிரு பத்தி எழுதப்பட்டிருக்கிறதே தவிர, அது எப்படி வேலை செய்தது, அதில் என்ன இருந்தது என்று யாரும் உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பார்க்க வேண்டிய விஷயம் அது என்பது என் உறுதியான எண்ணம்.

விதி எளியது. புத்தகத்தை மூடி வைத்து, பார்க்காமல் திறக்க வேண்டும். இடப்பக்கத்தின் எண்ணில் கடைசி இலக்கம்தான் அந்தப் பந்தின் முடிவு. இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை எண்ணாக இருக்கும் என்பதால் 0, 2, 4, 6, 8 என்று ஐந்தே வாய்ப்புகள். இரண்டு, நான்கு, ஆறு என்றால் அத்தனை ரன். பூஜ்யம் என்றால் அவுட். சிக்கல் எட்டில்தான். கிரிக்கெட்டில் ஒரே பந்தில் எட்டு ரன் வருவது அபூர்வத்திலும் அபூர்வமாயிற்றே! எங்கள் தெருவில் எட்டுக்கு ஒரு ரன். ராஜபாளையத்தில் இருந்த என் நண்பன் வீட்டில் எட்டுக்கு ரன் கிடையாது, வெறும் பந்து. இன்னும் சிலர் எட்டையும் அவுட்டாகவே வைத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள். அவற்றுக்குள் சட்டம் வேறு வேறு. விடுமுறையில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் முதலில் கேட்கும் கேள்வியே, “டேய், ஒங்க ஊர்ல எட்டுக்கு எத்தன?” என்பதுதான்.

சின்னக் கேள்வி என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் முழு லீக்கும் அந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது.

ஐந்து இலக்கங்களும் சமமாக விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு திறப்பிலும் அவுட் ஆக ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படியானால் ஓர் ஆட்டக்காரர் சராசரியாக நான்கு முறை தப்பித்து ஐந்தாவதில் வெளியேறுவார். எட்டுக்கு ஒரு ரன் என்றால், தப்பித்த ஒவ்வொரு திறப்புக்கும் சராசரி மூன்றேகால் ரன் (1, 2, 4, 6 ஆகியவற்றின் சராசரி). நான்கு திறப்புக்கு 13 ரன். பத்து விக்கெட்டுக்கு 130. எட்டுக்கு ரன் இல்லை என்ற ராஜபாளையத்து விதியில் ஆட்டக்காரரின் சராசரி 12, அணியின் சராசரி 120. பத்து ரன்தானே வித்தியாசம் என்று விட்டுவிட முடியாது. டக் அவுட் கணக்கைப் பாருங்கள். என் விதியில் நூறில் 20 பேர் டக். அவன் விதியில் 25 பேர். எட்டும் அவுட் என்ற மூன்றாவது விதியிலோ ஆட்டக்காரர் சராசரி ஆறுக்கு இறங்கி, அணி மொத்தமே 60இல் சுருண்டுவிடும். அந்த விதியில் ஆடிய பையன்கள் தங்கள் லீக்கை ‘பவுலர்களின் ஆடுகளம்’ என்று நம்பியிருப்பார்கள். அவர்கள் நம்பியதில் தவறே இல்லை.

சமமாக விழுகின்றனவா என்ற கேள்வி அடுத்து வருகிறது. பைண்டிங் விட்ட புத்தகம் ஒடிந்த இடத்தில்தான் திறக்கும். நடுத்தையல் போட்ட நோட்டு நடுப்பக்கத்தில்தான் விரியும். இது எங்களுக்குத் தெரியும். ஒடிந்த புத்தகத்தை ஆட்டத்துக்கு எடுப்பதில்லை என்பது எழுதப்படாத விதி. நல்ல புத்தகத்தில் கட்டைவிரல் ஏறத்தாழ நடுவில்தான் போய் நிற்கும், ஓரங்களுக்கு அரிதாகவே போகும். ஆனாலும் ஆட்டம் கெடுவதில்லை. காரணம், கடைசி இலக்கங்கள் ஐந்து தாளுக்கு ஒருமுறை சுற்றி வந்துவிடுகின்றன. விரலால் 90ஆம் பக்கத்துக்கு அருகில் போக முடியும். 88இலா 90இலா 92இலா என்று ஒரு தாள் துல்லியத்தில் குறிவைக்க முடியாது. விரலின் சாய்வு எதுவாக இருந்தாலும் அந்தச் சுழற்சி அதைச் சமன்படுத்திவிடுகிறது. சூதாட்டச் சக்கரத்தைச் சுழற்றுபவரின் கைவிசை எப்படி இருந்தாலும் சிவப்பும் கறுப்பும் ஏன் ஏறக்குறைய சமமாக விழுகின்றன என்பதற்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆன்றி புவாங்கரே சொன்ன விளக்கமும் இதே வழிதான். எங்கள் சமூக அறிவியல் புத்தகம் அந்தச் சக்கரத்தின் தாள் வடிவம்.

இதற்கு இன்னொரு மதிப்புமிக்க முன்னோடி உண்டு. 1927இல் இங்கிலாந்தின் புள்ளியியலாளர் எல். எச். சி. டிப்பெட் 41,600 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் அட்டவணை வெளியிட்டார். எந்த ஒழுங்கும் இல்லாத எண்கள் ஆராய்ச்சியாளர்களுக்குத் தேவைப்பட்டன. அவற்றை அவர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளில் அச்சான எண்களிலிருந்து பொறுக்கினார். வேறொரு காரியத்துக்காக அச்சான புத்தகத்திலிருந்து தற்செயலை எடுப்பது என்ற யோசனையில் டிப்பெட்டும் எங்கள் வகுப்புப் பையன்களும் ஒரே கட்சி.

நம் மரபிலும் இது புதிதல்ல. சைவத்தில் திருமுறைக்குக் கயிறு சாத்திப் பார்ப்பது என்ற வழக்கம் உண்டு. ஏட்டுச் சுவடியின் ஓலைகளுக்கு இடையே கயிற்றை நுழைத்து, அது நிற்கும் இடத்தில் வரும் பாடலை விடையாக எடுத்துக்கொள்வார்கள். மெய்கண்டாரின் தந்தை அச்சுத களப்பாளர் பிள்ளை வேண்டி இப்படிக் கயிறு சாத்தியபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகப் பாடல் வந்தது என்பது சைவ வரலாறு. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதும் அதே குடும்பம். பக்தியையும் விளையாட்டையும் நான் ஒன்றாக்கவில்லை. புத்தகத்தைக் கண் மூடித் திறந்து, வந்ததை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும் பழக்கம் இந்த மண்ணில் மிகப் பழையது என்று மட்டும் சொல்கிறேன். பையன்கள் கையில் அது ரன்னாகவும் அவுட்டாகவும் ஆனது.

இப்போது சீசனுக்கு வருவோம். என் நோட்டு இன்று என்னிடம் இல்லை. ஆகவே நடந்ததை அல்ல, எட்டுக்கு ஒரு ரன் என்ற விதியில் அப்படிப்பட்ட ஒரு சீசனில் என்னவெல்லாம் நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

எட்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஏழுடன் ஒருமுறை மோதினால் 28 ஆட்டம், 56 இன்னிங்ஸ். பத்து விக்கெட் விழச் சராசரியாக 50 திறப்பு வேண்டும். துரத்தும் அணி பாதியில் ஜெயித்துவிடுவதைக் கழித்தாலும் ஒரு சீசனுக்குப் புத்தகத்தை இரண்டாயிரத்து ஐந்நூறு தடவைக்கு மேல் திறக்க வேண்டியிருக்கும். திறப்பது, பார்ப்பது, எழுதுவது, கூட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி வைத்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம் என்று பிரித்துக்கொண்டால் ஒரு மே மாதம் ஓடிவிடும். மத்தியானம் மில் சங்கு ஊதிய பிறகு தெருவில் இறங்க முடியாத வெயில். அந்த நேரத்துக்கு அளவெடுத்தது போல ஒரு லீக்.

அணியின் மொத்தம் சராசரி 130 என்றேன். அது எவ்வளவு ஆடும்? ஏறத்தாழ மூன்றில் இரண்டு இன்னிங்ஸ் 82க்கும் 178க்கும் நடுவில் விழும். 60க்குச் சுருளும் அணியும் 230 தாண்டும் அணியும் எப்போதாவது வரும். தொடர்ந்து மூன்று திறப்பில் மூன்று அவுட் என்பது சீசனுக்கு 20 தடவை வரை நடக்கும். நிஜ கிரிக்கெட்டில் அது எளிதில் காணக் கிடைக்காது. அரைச் சதம் 31 இன்னிங்ஸுக்கு ஒன்று, அதாவது ஒரு சீசனில் பதினைந்து, பதினேழு. சதம்தான் அபூர்வம். ஓர் ஆட்டக்காரர் 100 தொட ஏறத்தாழ 840இல் ஒரு வாய்ப்பு. ஒரு சீசன் முழுக்க ஆடும் இன்னிங்ஸ்கள் எல்லாம் சேர்த்தே ஐந்நூற்றுச் சொச்சம்தான். சதமே இல்லாமல் முடியும் சீசன்கள்தான் பாதிக்கு மேல் இருக்கும். நோட்டில் ஒரு சதம் விழுந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதிப் பெட்டி கட்டினோம் என்றால், அந்தப் பெட்டிக்கு அத்தனை தகுதி இருந்தது என்று இன்று கணக்கு சொல்கிறது.

நான் அதிகம் யோசித்தது புள்ளிப் பட்டியலைப் பற்றித்தான். எட்டு அணிகளும் ஒரே புத்தகத்திலிருந்து ஆடுகின்றன. பலமான அணி, பலவீனமான அணி என்று ஒன்றுமில்லை. எல்லாருக்கும் எல்லா ஆட்டத்திலும் சரிபாதி வாய்ப்பு. இருந்தும் பட்டியல் சரிசமமாக முடியாது. முதலிடத்துக்கு வரும் அணி பெரும்பாலும் ஏழில் 5 அல்லது 6 ஆட்டம் ஜெயித்திருக்கும். ஓர் அணி ஏழையும் ஜெயிக்க 128இல் ஒரு வாய்ப்பு. எட்டு அணிகளில் ஏதாவது ஒன்று தோல்வியே காணாமல் முடிக்க 16இல் ஒரு வாய்ப்பு. அதே அளவு வாய்ப்பில் ஏதாவது ஓர் அணி ஏழிலும் தோற்றுக் கடைசியில் கிடக்கும். அதாவது பதினாறு கோடை விடுமுறைகளில் ஒன்றில், எந்தத் திறமையும் இல்லாமல், எந்தச் சூழ்ச்சியும் இல்லாமல், வெல்லவே முடியாத ஓர் அணி பிறந்திருக்கும். அந்த நோட்டின் சொந்தக்காரனான பையன் அது ஏன் வெல்லவே முடியாத அணி என்பதற்குக் காரணங்களும் கண்டுபிடித்திருப்பான். தொடக்க ஜோடி நன்றாக ஆடுகிறது, கேப்டன் கெட்டிக்காரன், சாத்தூர் பவுலர்கள் களைத்துவிட்டார்கள்.

அந்தக் காரணங்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். கதை சொல்லும் மனம் வேலை செய்வது அப்படித்தான். ஆனால் அதே மனம்தான் பெரியவர்களாகி நாம் நிஜ லீக்குகளைப் பார்க்கும்போதும் வேலை செய்கிறது. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கிலும் எட்டு அணிகள், அணிக்கு ஏழு லீக் ஆட்டம், மொத்தம் 28. என் நோட்டின் அமைப்பு அப்படியே. அங்கே திறமை உண்டு, பயிற்சி உண்டு, வித்தியாசம் உண்டு. ஆனாலும் ஏழே ஆட்டத்தில் திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதைப் புக் கிரிக்கெட் ஆடியவன் விரலால் அறிந்திருக்கிறான். தொலைக்காட்சியில் ‘இந்த அணி ஃபார்மில் இருக்கிறது’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 16இல் ஒன்று ஞாபகம் வருகிறது.

தாளில் இல்லாத ஒன்றும் நிஜ ஆட்டத்தில் உண்டு. 1945இல் ராயல் புள்ளியியல் சங்கத்தின் இதழில் எல்டர்டன், வுட் என்ற இருவர் தனித்தனியாகக் கிரிக்கெட் ஸ்கோர்களை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவுட் ஆகும் வாய்ப்பு மாறாமல் இருக்குமானால் ஸ்கோர்கள் ஒரு பெருக்குத் தொடராகக் குறைந்துகொண்டே போக வேண்டும்; நிஜத்தில் அப்படிப் போகின்றனவா என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் வைத்துக்கொண்ட மாதிரி, சொல்லப்போனால், எங்கள் புக் கிரிக்கெட்டேதான். ஓரளவு பொருந்துகிறது. பொருந்தாத இடம் தொடக்கம். நிஜ ஆட்டக்காரர் களமிறங்கியதும் அதிகம் தடுமாறுகிறார். கண் பழகிய பிறகுதான் உறுதியாகிறார். பிராட்மனை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்டில் 80 இன்னிங்ஸ், 6,996 ரன், சராசரி 99.94. அவுட் வாய்ப்பு ரன்னுக்கு ரன் மாறாமல் இருந்திருந்தால் 80 இன்னிங்ஸில் ஏறத்தாழ ஒரு டக்தான் எதிர்பார்க்கலாம். அவர் ஏழு முறை டக் ஆனார். புத்தகத்துக்குக் கண் பழகுவதில்லை. அதற்கு முதல் பந்தும் ஐம்பதாவது பந்தும் ஒன்றுதான். 48இல் இருக்கும் என் ஆட்டக்காரனுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தேன். அவனோ பதறவும் இல்லை, நிதானிக்கவும் இல்லை. பதற்றம் முழுவதும் என்னுடையது.

இந்தப் பதற்றத்தைப் பற்றித்தான் அமெரிக்கர்கள் நிறைய எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆட்டம் பேஸ்பால். ஆட்டத்தின் உறவு முறை நமக்குப் புரியாதது அல்ல: எறிபவர், அடிப்பவர், ஓட்டம், அவுட். கிரிக்கெட்டைப் போலவே அதையும் முழுக்க எண்களாக எழுதிவிடலாம். அதனால்தான் இரண்டும் நோட்டுக்குள் இறங்கின. கால்பந்தும் கபடியும் அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை.

‘ஆன் தி ரோட்’ நாவலை 1957இல் வெளியிட்டு ஒரு தலைமுறையின் நாடோடிக் குரலாக அறியப்பட்ட ஜாக் கெரவாக், மாசச்சூசெட்ஸின் லோவல் நகரில் சிறுவனாக இருந்தபோதே ஒரு பேஸ்பால் லீக்கைக் கற்பனையில் நடத்தத் தொடங்கினார். பின்னாளில் அட்டைகளை வைத்து ஆடினார். அணிகளுக்குக் கார்களின் பெயர்: பிட்ஸ்பர்க் பிளிமத்ஸ், பாஸ்டன் ஃபோர்ட்ஸ், செயின்ட் லூயிஸ் காடிலாக்ஸ். ஆட்டக்காரர்களுக்குப் பெயர், வயது, குணம், சம்பளம் எல்லாம் உண்டு. ஆட்டச் செய்திகளை எழுதத் தானே பத்திரிகையும் நடத்தினார். நிருபரும் அவரே, வாசகரும் அவரே. எழுத்தாளராகப் புகழ் அடைந்த பிறகும், 1969இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்புவரைகூட, இதை விடவில்லை. நெருங்கிய நண்பர்கள் பலருக்கே இது தெரியாது. அந்தத் தாள்கள் இன்று நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் தொகுப்பில் இருக்கின்றன. அதன் அப்போதைய காப்பாளர் ஐசக் கெவர்ட்ஸ் 2009இல் அவற்றைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

ராபர்ட் கூவர் 1968இல் வெளியிட்ட நாவல் இன்னும் ஆழமாகப் போகிறது. அதன் நாயகன் ஹென்றி வா, ஒரு கணக்கர். இரவுகளில் தன் சமையலறை மேசையில் மூன்று பகடைகளை உருட்டி ஒரு முழு பேஸ்பால் சங்கத்தை நடத்துகிறான். எட்டு அணிகள், 56ஆவது சீசன். டேமன் ரதர்ஃபோர்ட் என்ற இளம் எறிவீரன் அவன் கண்மணி. ஒருநாள் மூன்று பகடையிலும் ஒன்று விழுகிறது. அவன் போட்ட அட்டவணையின்படி, எதிரணியின் பந்து தலையில் பட்டு டேமன் சாக வேண்டும். வேறு யாரும் பார்க்கவில்லை. பகடையை மறுபடி உருட்டியிருக்கலாம். ஹென்றி உருட்டவில்லை, விதி விதிதான் என்று மரணத்தைப் பதிவு செய்கிறான், உடைந்து போகிறான். பிற்பாடு, பந்தெறிந்தவனைப் பழிவாங்கப் பகடையைத் தன் கையாலேயே ஆறு ஆறு ஆறு என்று திருப்பி வைக்கிறான். நாவலின் உச்சம் அந்தச் சிறு கையசைவுதான். அந்தக் கணத்துக்குப் பிறகு அவன் உலகம் பழையபடி இல்லை.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் புக் கிரிக்கெட்டின் மையமும் அதுதான். தனியாக ஆடும் பையனைக் கேட்க யாரும் இல்லை. பூஜ்யம் வந்தால் “சரியா திறக்கல” என்று மறுபடி திறந்துவிடலாம். பக்க ஓரத்தை ஓரக்கண்ணால் பார்த்து 146இல் விரல் வைக்கலாம். பலரும் ஒருமுறையாவது செய்திருப்போம். செய்தபின் அந்த அரைச் சதத்தை நோட்டில் எழுதும்போது கை கூசும். ஏமாற்றப்பட யாருமே இல்லாத இடத்திலும் ஏமாற்று ஏமாற்றுத்தான் என்று ஒரு பத்து வயதுப் பையன் கண்டுகொண்டது அந்த நோட்டில்தான். எந்த வகுப்பிலும் இந்தப் பாடம் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைத்ததில்லை.

கற்பனை லீக்கை வைத்து நாவல் எழுதிய இன்னொருவர் பிலிப் ராத். 1973இல் வந்த அவருடைய நாவலில் 1943ஆம் ஆண்டின் முழு சீசனையும் ஓர் அணி வெளியூர்களிலேயே ஆடுகிறது. அதன் மைதானத்தைப் போர்த்துறை எடுத்துக்கொண்டுவிட்டது. பகடை லீக்குகளை வணிகமாக்கியவர்களும் அங்கே உண்டு. ஹால் ரிச்மன் என்பவர் சிறுவயதில் யோசித்த மேசை பேஸ்பால் ஆட்டம் 1961இல் ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2020இல் கொரோனாவால் நிஜ லீக் தள்ளிப்போனபோது, அந்த நிறுவனம் சீசனைக் கணினியில் நாள்தோறும் நடத்திக் காட்டியது.

நம் பக்கம் கற்பனை அணி என்றால் உடனே நினைவுக்கு வருவது ஆர். கே. நாராயண் 1935இல் வெளியிட்ட ‘சுவாமியும் நண்பர்களும்’. மால்குடிப் பையன்கள் தங்கள் குழுவுக்கு எம்.சி.சி. என்று பெயர் வைப்பதும், கடைசியில் சுவாமி முக்கிய ஆட்டத்துக்கு வந்து சேராமல் போவதும் அதில் வருகின்றன. ஆனால் அது மைதானத்தில் ஆடும் அணி. எனக்குத் தெரிந்து, நோட்டில் ஆடிய அணிக்கு இங்கே இன்னும் நாவல் வரவில்லை.

எங்கள் லீக்குக்குக் குரலும் இருந்தது. ஆட்டத்தை மனதுக்குள் ஓட்டமாட்டோம். வாய்விட்டு வர்ணனை செய்வோம். வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் செய்த தமிழ் வர்ணனைதான் எங்கள் பாடம். அவர் சொன்ன தொனியில் இல்லாத பந்தை இல்லாத எல்லைக்கோட்டுக்கு விரட்டினோம். கொடைக்கானல் மலைக் கோபுரத்திலிருந்து தூர்தர்ஷன் தெளிவாக வருவதற்கு முந்தைய காலத்தில், தெற்கு மாவட்டங்களில் ஆன்டெனாவைத் திருப்பினால் கிடைத்தது இலங்கையின் ரூபவாஹினி. பார்ப்பது குறைவு, கேட்பது அதிகம். கேட்டே வளர்ந்த ஒரு கற்பனை அது. காட்சி முழுக்க நாங்களே போட வேண்டியிருந்தது.

அடுத்த தலைமுறைக்கு வந்தது வேறு கற்பனை லீக். 2008இல் தொடங்கிய ட்ரீம்11 போன்ற செயலிகளில், நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஓர் அணி அமைத்துப் பணம் கட்டினார்கள். கோடிக்கணக்கானோர் அதில் இருந்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. தடை சரியா தவறா என்ற விவாதம் வேறு. என் மனத்தில் உறுத்துவது இன்னொன்று. செயலியில் ஆடுபவர் எதையும் எழுதவில்லை, எதையும் படைக்கவில்லை. ஆட்டக்காரர்களுக்குப் பெயர் சூட்டியதில்லை, சராசரி கணக்கிட்டதில்லை, விதியைப் பற்றி நண்பனோடு சண்டை போட்டதில்லை. வந்த முடிவைக் காசாக மட்டும் பார்த்தார். நோட்டு லீக்கில் காசு என்ற சொல்லே கிடையாது. அதன் உரிமையாளர், நடுவர், வர்ணனையாளர், புள்ளிவிவரக்காரர், நிருபர் எல்லாம் ஒரே பையன். எனக்கு இரண்டில் எது மேல் என்பதில் சந்தேகமே இல்லை.

அந்த நோட்டுகள் எங்கே? கெரவாக்கின் தாள்களுக்கு நூலகம் கிடைத்தது. எங்களுடையவை ஆடிக்கு முன் வீடு சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர் கடைக்குப் போயின. எடைபோட்டு, கிழித்து, கடலை மடித்துக் கொடுத்தார்கள். நோட்டு, டைரி, காலண்டர் என்று தாளாலேயே வாழும் சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் ஒரு காலத்துப் பையன்கள் தாளில் எழுதிய இந்த ஆவணத்தில் ஒன்றைக்கூட யாரும் சேர்த்து வைத்ததாகத் தெரியவில்லை. எந்த ஊரில் எட்டுக்கு எத்தனை ரன், எந்த அணிப் பெயர்கள், எந்த ஆட்டக்காரர்கள், பெண்பிள்ளைகள் ஆடினார்களா, எந்த ஆண்டோடு நின்றது என்று அவற்றிலிருந்து அறிய எவ்வளவோ இருக்கிறது. ஒரு தலைமுறை நிகழ்தகவைக் கையால் கற்ற கதை அது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இலிருந்து பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. அங்கே ஓர் அலமாரியின் ஒரு தட்டு இதற்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ராஜபாளையத்திலோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, சுற்றுப்பட்டு ஊர்களிலோ, பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு நோட்டு உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் முதல் பக்கத்தில் மூன்று விஷயங்களை மட்டும் எழுதி வையுங்கள்: ஊர், வருடம், எட்டுக்கு எத்தனை ரன்.